மக்காச்சோளத்துக்கு எத்தனை உழவு? மண்ணையும் முன்பயிரையும் வைத்துப் போட வேண்டிய கணக்கு

ஆனியில் ஒரு நல்ல மழை விழுந்த மறுநாள், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களில் டிராக்டர் வைத்திருப்பவர் வீட்டு வாசலில் ஆட்கள் கூடிவிடுவார்கள். எந்தக் கலப்பை, எத்தனை ஓட்டு, மணிக்கு எவ்வளவு என்பதே அங்கே பேச்சாக இருக்கும். போன பட்டத்தில் அந்தக் கொல்லையில் என்ன பயிர் நின்றது என்ற கேள்வி மட்டும் வராது. மக்காச்சோளம் போடப் போகிறவருக்கு முதலில் வர வேண்டிய கேள்வி அதுதான். எத்தனை உழவு தேவை என்பதை மண் சொல்லும். அதில் எத்தனையைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதை முன்பயிர் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல், பக்கத்துக் கொல்லைக்காரர் ஓட்டிய அளவுக்கு நாமும் ஓட்டுவது டீசலுக்கும் நட்டம், மண்ணுக்கும் நட்டம்.

உழவைக் குறைத்தால் மக்காச்சோளம் என்ன ஆகும் என்பதைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்த இடங்களில் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலம் முக்கியமானது. ட்ரிப்ளெட், வான் டோரன் என்ற இரு ஆய்வாளர்கள் 1962இல் ஊஸ்டர் என்ற ஊரிலும் 1963இல் ஹாய்ட்வில் என்ற ஊரிலும் உழுத பாத்தியையும் உழாத பாத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மக்காச்சோளம் பயிரிட்டுப் பார்த்தார்கள். ஊஸ்டர் மண் சரிவானது, தண்ணீரை உடனே கீழே விட்டுவிடுவது. அங்கே உழாத பாத்தி உழுத பாத்திக்கு ஈடாகவோ அதைவிட மேலாகவோ விளைந்தது. ஹாய்ட்வில் மண் தட்டையான, நீர் வடியாத களி; அங்கே ஆண்டு தவறாமல் மக்காச்சோளத்தின் மேல் மக்காச்சோளம் போட்ட உழாத பாத்தியில் விளைச்சல் குறைந்தது. ஆனால் அதே களியில் சோயா மொச்சை போன்ற வேறு பயிரோடு மாற்றிப் போட்டபோது, உழாததால் வந்த அந்தக் குறை பெருமளவு சுருங்கிவிட்டது. பயிரை மாற்றுகிறவருக்கு உழவைக் குறைக்கும் உரிமை கிடைக்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். இல்லினாய்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் 1876 முதல் நடந்துவரும் மாரோ வயல்களிலும், ஒரே பயிராக மக்காச்சோளம் மட்டும் நிற்கும் பாத்தி, பயிர் மாற்றிய பாத்திக்குப் பின்னால்தான் நிற்கிறது.

அந்த முடிவுகளை அப்படியே இங்கே இறக்கிவைக்க முடியாது. ஹாய்ட்வில்லில் உழாத களிமண் இளவேனிலில் சூடேறத் தாமதமாவதும் விளைச்சல் குறைவுக்கு ஒரு காரணம். நம் ஊரில் குளிர்ந்த மண் ஒரு சிக்கலே இல்லை. இங்கே இருக்கும் சிக்கல்கள் வேறு: மழை விழுந்து காய்ந்ததும் மேலே இறுகி ஓடு கட்டும் செம்மண், அடியில் இறுகிய தட்டு, பூக்கும் நேரத்தில் பத்து நாள் விட்டுப்போகும் மழை, அறுத்த பயிரின் தட்டு முழுவதும் மாட்டுத் தீவனமாகப் போய்விடுவதால் மொட்டையாகக் கிடக்கும் நிலம். எனவே, நம் மண்ணை முதலில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

மண்ணைப் பார்ப்பது

ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவைப் போல் தள்ளுங்கள். ஓர் அங்குலம் வருவதற்குள் அறுந்தால் அது மணல் கலந்த செம்மண் வகை. இரண்டு அங்குலம் வரை அறாமல் வந்து வழவழப்பாக மின்னினால் களி. இவ்விரு மாவட்டங்களிலும் மேட்டுக்காடு பெரும்பாலும் முதல் வகை; ஏரிக்கு அடியிலும் ஓடைப் படுகையிலும் இரண்டாம் வகையைப் பார்க்கலாம். ஒரே சர்வே எண்ணுக்குள் இரண்டும் இருப்பது இங்கே சாதாரணம் என்பதால், மேல்கோடியில் ஒன்று, நடுவில் ஒன்று, கீழ்க்கோடியில் ஒன்று என மூன்று இடத்தில் பார்ப்பது நல்லது.

அடுத்து அடிமண். நன்றாக நனையும் அளவுக்கு மழை பெய்து இரண்டு நாள் கழித்து, விரல் கனமுள்ள இரும்புக் கம்பி ஒன்றைக் கையால் அழுத்தி மண்ணுக்குள் இறக்குங்கள். காய்ந்த செம்மண் எங்கே குத்தினாலும் கல்லாகத்தான் இருக்கும். ஈரத்தில் பார்த்தால்தான் உண்மை தெரியும். கம்பி ஒன்றரை அடி வரை தடையில்லாமல் இறங்கினால் கவலை இல்லை. அரை அடி, முக்கால் அடியில் நின்று, இன்னும் அழுத்தினால் சட்டென்று உடைத்துக்கொண்டு மறுபடி எளிதாக இறங்குகிறது என்றால், நடுவில் ஒரு தட்டு இருக்கிறது என்று பொருள். நின்ற இடத்தில் நின்றேவிட்டால் அது பாறையாகவோ சரளையாகவோ இருக்கலாம். இந்த வேறுபாடு முக்கியம். தட்டை உடைக்கலாம், பாறையை உடைக்க எந்தக் கலப்பையும் உதவாது.

இதை நான் தாமதமாகக் கற்றேன். எங்கள் கொல்லையில் ஒரு துண்டில் மூன்று ஆண்டு தொடர்ந்து மக்காச்சோளம் போட்டு, ஒவ்வொரு முறையும் சுழலும் கத்தியால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் மட்டுமே விட்டோம். மண் மாவு போல் ஆகிவிடும்; பார்க்க அழகாக இருக்கும்; விதைக்கும் ஆட்களும் பாராட்டினார்கள். மூன்றாம் ஆண்டு, கதிரில் நூல் வரும் நேரத்தில் ஆறு நாள் மழை இல்லை, அதற்குள் இலை சுருண்டுவிட்டது. வரப்புக்கு அந்தப் பக்கம், போன பட்டத்தில் நிலக்கடலை நின்ற பங்காளியின் கொல்லையில் பயிர் பச்சையாகவே நின்றது. ஒரு செடியை மண்வெட்டியால் சுற்றிக் கொத்தி எடுத்துப் பார்த்தேன். ஒரு சாண் ஆழத்துக்கு நேராக இறங்கிய வேர்கள் அத்தனையும் அங்கே முழங்கை மடக்கியது போல் திரும்பிப் பக்கவாட்டில் ஓடியிருந்தன. அந்த இடத்தில் மண்ணைப் பெயர்த்தால் தகடு தகடாக வந்தது. ரோட்டவேட்டரின் கத்தி ஒவ்வோர் ஆண்டும் அதே ஆழத்தில் அடித்து அடித்து, அதற்குக் கீழே தளம் போட்டிருந்தது. அன்றிலிருந்து அறுவடை முடிந்த கொல்லையில் பத்துச் செடியின் கட்டையையாவது கொத்திப் பார்க்காமல் அடுத்த உழவை நான் முடிவு செய்வதில்லை.

மேட்டுக்காட்டுச் செம்மண்

செம்மண்ணில் உழவு ஏன் முக்கியம் என்பதை ஒரு சின்னக் கணக்கால் காட்டலாம். மணல் கலந்த செம்மண் ஓர் அடி ஆழத்துக்குச் சுமார் 30 மி.மீ. தண்ணீரைத்தான் பயிருக்குக் கொடுக்கும்படி பிடித்துவைக்கும். பூக்கும் பருவத்து மக்காச்சோளம் வெயில் நாளில் 6 முதல் 7 மி.மீ. வரை குடிக்கிறது. வேர் ஓர் அடியோடு நின்றுவிட்டால், நிறைந்த மண்ணும் நாலைந்து நாளில் தீர்ந்துபோகும். வேர் இரண்டடி இறங்கினால் எட்டு முதல் பத்து நாள் வரை தாங்கும். விதைத்த 45ஆம் நாள் முதல் 65ஆம் நாள் வரை, ஆண்பூ விரிந்து கதிரில் நூல் வரும் அந்த இருபது நாளில் பயிர் வாடினால் மணி பிடிப்பது குறைந்துவிடும். அதன் பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் அதை ஈடுகட்ட முடியாது. ஆண்டுக்கு 850 மி.மீ. அளவில் மழை பெய்யும் பகுதி என்று சொல்லிக்கொள்கிறோம், ஆனால் அந்த மழை கேட்டபோது வருவதில்லை. மானாவாரியில் அந்த நாலு நாளுக்கும் எட்டு நாளுக்கும் நடுவில்தான் விளைச்சல் இருக்கிறது.

ஆகவே தட்டு இருக்கும் செம்மண்ணில், அடிமண்ணை ஆழமாக உடைக்கும் உளிக்கலப்பை விடுவதற்குத் தயங்க வேண்டாம். அரை மீட்டர் இடைவெளியில், 40 செ.மீ. ஆழத்துக்கு, முதலில் ஒரு திசையிலும் பிறகு அதற்குக் குறுக்கேயும் விட வேண்டும். மண் காய்ந்திருக்கும்போது விட்டால்தான் தட்டு நொறுங்கும். ஈரத்தில் விட்டால் உளி மண்ணைக் கீறிக்கொண்டு போகுமே தவிர உடைக்காது. விட்ட பிறகு ஏக்கருக்கு 5 டன் எரு பரப்பிக் கொத்துக்கலப்பையால் (கல்டிவேட்டர்) கலந்துவிட்டால், உடைந்த இடம் விரைவில் மறுபடி இறுகாது. இதை ஆண்டுதோறும் செய்யத் தேவையில்லை, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை போதும். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் கருவிகளையும் வாடகைக்கு விடுகிறது. பட்டம் நெருங்கிய பிறகு கேட்டால் கிடைப்பது கடினம் என்பதால், மாசி, பங்குனியிலேயே உழவன் செயலியில் பதிந்துவைப்பது நல்லது. முக்கால் அடிக்குக் கீழே பாறையோ சரளையோ இருக்கும் கொல்லையில் உளிக்கலப்பைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அந்த நிலத்துக்கு மக்காச்சோளமே வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். சாமையும் கொள்ளும் அங்கே கௌரவமாக விளையும்.

கோடை மழைக்குப் பின் சித்திரை, வைகாசியில் சரிவுக்குக் குறுக்கே ஒரு கோடை உழவு செய்து, கட்டியை உடைக்காமல் அப்படியே விட வேண்டும். கரடுமுரடான மேல்பரப்பு அடுத்த மழையைத் தேக்கி உள்ளே அனுப்பும். கோரைக் கிழங்கும் அருகம்புல் வேரும் வெயிலில் கிடந்து காயும். விதைப்புக்கு முன் கொத்துக்கலப்பையால் ஓர் ஓட்டு போதும். இதற்கு மேல் ஓட்டும் ஒவ்வோர் ஓட்டும் மண் கட்டுமானத்தைக் குலைத்து, ஓடு கட்டுவதற்கு வழி செய்கிறது. விதைத்த மூன்றாம் நாளில் சாரல் விழுந்து, பிறகு வெயிலடித்து மேல்மண் இறுகிவிட்டால், முளை வெளியே வரும் முன் முள்ளுக்கட்டையை லேசாக இழுத்து அந்த மேலோட்டை உடைத்துவிடுங்கள். பாசனம் இருந்தால், முளை வர விடும் லேசான தண்ணீரான ஓர் உயிர்த்தண்ணீரே போதும்.

உழவே இல்லாமல் செம்மண்ணில் போட முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. முடியும், ஆனால் நிலம் மூடியிருக்க வேண்டும். ஐதராபாத் அருகே பட்டன்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனத்தின் செம்மண் ஆய்வுகள் காட்டுவது இதுதான்: மூடாக்கு இல்லாமல் உழவை நிறுத்தினால் மழை உள்ளே இறங்காமல் ஓடிவிடுகிறது, மூடாக்கு இருந்தால் உழவு இல்லாமலும் தண்ணீர் இறங்குகிறது. நம் பகுதியில் சொசைட்டிக்குப் பால் ஊற்றாத வீடு குறைவு. தட்டு முழுவதும் மாட்டுக்குப் போகிறது. தட்டையும் மாட்டுக்குக் கொடுத்து உழவையும் விட்டுவிட்டால், இரண்டு பக்கமும் இழப்புதான். நடுவழி ஒன்று உண்டு. தட்டின் அடிப்பகுதி கடினமானது, மாடும் அதைக் கழித்துத்தான் போடும். அறுக்கும்போது முக்கால் அடி முதல் ஓர் அடி வரை கட்டையை நிலத்திலேயே விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் எடுத்தால், காற்றையும் ஓடும் தண்ணீரையும் தடுக்க அதுவே ஓரளவு உதவும். பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பங்கு தட்டில்தான் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். தட்டு போன கொல்லைக்கு எருவாவது திரும்பி வர வேண்டும்.

களியும் கருமண்ணும்

இங்கே கணக்கு தலைகீழ். கருமண் ஓர் அடிக்குச் செம்மண்ணைப் போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் தண்ணீர் பிடிக்கும். காயும்போது வெடித்து, நனையும்போது மூடி, தன்னைத்தானே உழுதுகொள்ளும். இதில் ஆழ உழவால் வரும் ஆதாயம் குறைவு. ஈரத்தில் ஓட்டுவதால் வரும் கேடோ மிக அதிகம். பதம் பார்க்க ஒரு வழி உண்டு: அரை அடி ஆழத்திலிருந்து மண்ணை எடுத்து உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உருண்டை பொலபொலவென உதிர்ந்தால் ஓட்டலாம். அடை போல் அமுங்கினால் அன்றைக்கு டிராக்டரைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும், அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

களியில் மக்காச்சோளத்தைக் கொல்வது தேங்கும் தண்ணீர். முதல் மூன்று வாரம் வரை செடியின் குருத்து முனை மண்ணுக்குள்தான் இருக்கிறது. அப்போது இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றால் செடி மஞ்சளாகி, பிழைத்தாலும் தேறாது. எனவே உழவுச் செலவைக் குறைத்து, அந்தப் பணத்தில் மேட்டுப்பாத்தியும் வடிகாலும் போடுவது அறிவுடைமை. நாலடி அகலப் பாத்தி, பக்கத்தில் ஒன்றரை அடி வாய்க்கால், ஒரு பாத்தியில் இரண்டு வரிசை என்ற அமைப்பை ஒரு முறை போட்டுவிட்டால், அதைக் கலைக்காமல் அடுத்த பட்டத்துக்கும் பாத்தியின் மேல்பகுதியை மட்டும் கிளறி விதைக்கலாம். டிராக்டரின் சக்கரம் எப்போதும் வாய்க்காலிலேயே ஓடுவதால் பாத்தி இறுகாது.

கிருஷ்ணகிரி அணைப் பாசனத்திலும் பாரூர் ஏரிப் பாசனத்திலும் நெல் அறுத்த வயலில் மக்காச்சோளம் போட நினைப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நெல்லுக்காகச் சேறடித்த வயலில் அடியில் தட்டு இருக்கும். மேலே ஈரம் இருக்கும்போது உழுதால் மண் பெரிய பெரிய கட்டியாகப் புரண்டு, காய்ந்ததும் கல்லாகிவிடும். அதை உடைக்க மூன்று ஓட்டு, அதற்குள் ஈரமும் போய்விடும். ஆந்திரத்தில் குண்டூர் பக்கம் உழவர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள்: நெல் அறுத்ததும் உழாமலே, அறுத்த தாளுக்கு நடுவே கோல் குத்தி விதை ஊன்றிவிடுகிறார்கள். உழவு நாள் மிச்சமாகிறது, இருக்கும் ஈரத்தில் விதை முளைக்கிறது. முன்பயிர் நெல்லாக இருப்பதால் மேட்டுக்காட்டுக் களைகளும் அவ்வளவாக இல்லை. பாசனம் உறுதியாக இருக்கும் வயலில் கால் ஏக்கராவது இப்படிப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பேன்.

சுண்ணாம்புக் கல் கலந்த மண்ணில் உழவால் தீராத ஒரு குறை உண்டு: துத்தநாகப் பற்றாக்குறை. இளம் இலையின் அடியில் வெள்ளைப் பட்டை தெரிந்தால் அதுதான். ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து விதைப்புக்கு முன் இட்டுவிட வேண்டும்.

முன்பயிர் எதுவாக இருக்க வேண்டும்

ராகிக்குப் பின் மக்காச்சோளம், அதற்குப் பின் மறுபடி ராகி என்று போட்டுவிட்டு “நான் பயிர் மாற்றுகிறேன்” என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். ராகி, சாமை, சோளம், மக்காச்சோளம் எல்லாம் ஒரே புல் குடும்பம். ஒரே ஆழத்தில் வேர்விட்டு, ஒரே சத்தைத் தேடுபவை. அதிலும் சோளத்துக்குப் பின் உடனே மக்காச்சோளம் போடுவதுதான் மிகவும் மோசம். சோளக் கட்டையிலும் மக்காச்சோளக் கட்டையிலும் கரிமம் அதிகம், தழைச்சத்து குறைவு. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தைத் தமக்கென்று எடுத்துக்கொள்வதால், முதல் மூன்று நாலு வாரம் பயிர் வெளுத்து நிற்கும். அடிச்சாம்பல் நோயின் வித்துகளும் மண்ணில் தங்கி, அடுத்துவரும் சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் பரவும்.

செம்மண் மானாவாரிக்கு நிலக்கடலை, துவரை, அவரை, தட்டைப்பயறு, கொள்ளு ஆகியவையே சரியான கூட்டாளிகள். ராகிக் கொல்லையில் இடையிடையே அவரைச் சாலும் ஆமணக்குச் சாலும் விட்ட நம் பாட்டன்மார் இதை அறிந்தேதான் செய்தார்கள். தனிப்பயிராக மக்காச்சோளம் வந்த பிறகுதான் அந்தச் சால் மறைந்தது. துவரையை நான் தனியாகச் சொல்வேன். அதன் ஆணிவேர் அடியில் இறுகிய தட்டைத் துளைத்து இறங்குகிறது. அறுத்த பிறகு அந்த வேர் மக்கிய வழியாக அடுத்த பட்டத்து மக்காச்சோளத்தின் வேர் இறங்குவதைக் கொத்திப் பார்த்தால் கண்ணாலேயே காணலாம். உதிரும் இலையும் சேர்ந்து மண்ணுக்கு மூடாக்காகிறது. ஆறு மாதம் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது ஒன்றே குறை.

மக்காச்சோளத்துக்குப் பின்னால் என்ன என்பதும் சுழற்சியின் பாதி. ஆனிக் கடைசியில் விதைத்த 105 நாள் வீரிய ஒட்டு ஐப்பசி நடுவில் அறுப்புக்கு வரும். வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் உடனே ஓர் ஓட்டு ஓட்டிக் கொள்ளை விதைத்துவிடலாம். பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் கொள்ளு ரகங்கள் இந்தப் பின்பட்டத்துக்கு ஏற்றவை. ஆனால் ஒன்று: கொள்ளை வேரோடு பிடுங்கி, சாலையில் பரப்பி, பேருந்துச் சக்கரத்தில் அடிபடவிடுவது நம் வழக்கம். தழைச்சத்து சேர்த்த முடிச்சு அந்த வேரில்தான் இருந்தது. பிடுங்காமல் அரிவாளால் அறுத்தால், அந்த வேராவது கொல்லையில் தங்கும். நிலக்கடலையிலும் இதே கதைதான். கொடி முழுவதும் மாட்டுக்குப் போன கொல்லையில், “கடலை போட்டேன், யூரியா குறைத்தேன்” என்பது பொருத்தமில்லை.

உரத்தைக் குறைப்பதற்கான கணக்கு இது. பாசன வீரிய ஒட்டுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை எக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து முறையே 250:75:75 கிலோ, அதாவது ஏக்கருக்குச் சுமார் 100:30:30. தழைச்சத்தில் கால் பங்கு அடியுரம், அரைப் பங்கு 25ஆம் நாள், மீதிக் கால் 45ஆம் நாள். தழையை மண்ணில் மடக்கிவிட்ட பயறுக்குப் பின் வரும் மக்காச்சோளத்துக்கு, ஏக்கருக்கு 10 முதல் 15 கிலோ தழைச்சத்தைக் குறைக்கலாம். 45 கிலோ யூரியா மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து இருப்பதால், இது அரை மூட்டை முதல் முக்கால் மூட்டைக்குள் வரும். அதைக் கடைசித் தவணையில் குறைக்க வேண்டும். மக்காச்சோளத்தின் மேலேயே மக்காச்சோளம் போட நேர்ந்தால் அடியுரத்தைக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்காக உயர்த்துங்கள். கட்டை மக்கும்போது பயிர் வெளுக்காமல் இருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: யூரியாவை எவ்வளவு கூட்டினாலும் பயிர் மாற்றியதன் முழுப் பலனும் கிடைக்காது. வேர், நோய், மண் கட்டுமானம் என மூட்டையில் வராத பங்கும் அதில் இருக்கிறது. அங்ககச் சத்து குறைந்த நம் செம்மண்ணில் அந்தப் பங்கு பெரிது.

சில முன்பயிர்கள் உழவையும் மிச்சப்படுத்தும். நிலக்கடலை பிடுங்கிய, மரவள்ளிக் கிழங்கு தோண்டிய கொல்லையில் மேல்மண் ஏற்கெனவே புரண்டிருக்கிறது. மறுபடி மண்ணைப் புரட்டும் சட்டிக்கலப்பை தேவையில்லை, கொத்துக்கலப்பை ஓர் ஓட்டே போதும். ஆனால் மரவள்ளி சாம்பல் சத்தை அள்ளிக்கொண்டு போயிருக்கும். அங்கே பொட்டாசைக் குறைக்கக் கூடாது. பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி எடுத்த தோட்டத்தில், அதற்கு இட்ட உரத்தில் மிச்சம் இருக்கும்; மண் பரிசோதனை செய்துவிட்டு மணிச்சத்தைக் குறைக்கலாம்; பழைய பாரிலேயே மக்காச்சோளத்தை ஊன்றலாம்.

பயிர் மாற்றினால் எல்லா நோயும் பூச்சியும் போய்விடும் என்று நம்ப வேண்டாம். தண்டின் உட்புறம் கரித்தூள் பூசியது போலாகிச் செடி சாயும் அழுகல் நோயின் பூசணம் பயறுகளிலும் பருத்தியிலும் எள்ளிலும்கூட வாழும்; பூக்கும் நேரத்து வறட்சியே அதை வளர்ப்பதால், அதற்கு மருந்து மண்ணின் ஈரம்தான். படைப்புழுவோ 2018இல் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்டு, அதே ஆண்டில் நம் பக்கமும் வந்தது. அதன் அந்துப்பூச்சி பறந்து வருவது, உங்கள் ஒரு கொல்லையில் பயிர் மாற்றியதால் நிற்காது. ஊரார் ஒரே வாரத்தில் விதைப்பது அதைவிட உதவும். அதன் கூட்டுப்புழு இரண்டு முதல் எட்டு செ.மீ. ஆழத்துக்குள்தான் இருக்கிறது, ஆகவே அதற்காக ஓர் அடி ஆழம் புரட்ட வேண்டியதில்லை. மேலாக ஓர் ஓட்டு ஓட்டிக் கொக்குக்கும் மைனாவுக்கும் விட்டுவிடலாம். பயறு ஊடுபயிராக இருக்கும் கொல்லையில் அட்ரசின் களைக்கொல்லி அடிக்கக் கூடாது என்பதையும் நினைவில் கொள்க. மக்காச்சோளத்துக்கு ஒன்றும் ஆகாது, பயறு கருகிவிடும்.

உங்கள் கொல்லையிலேயே அளந்து பார்ப்பது

மேலே சொன்னவற்றை என் சொல்லுக்காக ஏற்க வேண்டியதில்லை. ஒரே மண்ணாக இருக்கும் அரை ஏக்கரைத் தேர்ந்து, எட்டு வரிசை அகலக் கீற்றுகளாகப் பிரித்து, ஒரு கீற்றுக்கு வழக்கமான உழவு, அடுத்ததற்குக் குறைத்த உழவு என்று மாற்றி மாற்றி ஆறு கீற்று விடுங்கள். ஒரே ஒரு கீற்றாக இருந்தால், மேட்டில் இருந்ததால் குறைந்ததா உழவால் குறைந்ததா என்று தெரியாது. விதை, உரம், தண்ணீர், விதைக்கும் நாள் எல்லாவற்றுக்கும் ஒன்றே இருக்க வேண்டும்.

அறுவடையில் ஓரத்து வரிசைகளை விட்டுவிட்டு, நடு நாலு வரிசையில் 5 மீட்டர் நீளத்துக்குக் கயிறு கட்டுங்கள். 60 செ.மீ. வரிசையானால் அது 12 சதுர மீட்டர். 25 செ.மீ.க்கு ஒரு செடி என்றால் அதில் 80 செடி இருக்க வேண்டும். முதலில் எண்ணி எழுதுங்கள். 65தான் இருக்கிறது என்றால், விளைச்சல் குறைந்ததற்கான காரணத்தை உழவில் தேடும் முன் விதைப்பில் தேட வேண்டும். பிறகு கதிரை உடைத்து, மணியை உதிர்த்து எடைபோடுங்கள். 20 விழுக்காடு ஈரத்தில் 8 கிலோ வந்ததாகக் கொண்டால், அதை 80ஆல் பெருக்கி 86ஆல் வகுத்து, சந்தை கேட்கும் 14 விழுக்காடு ஈரத்துக்கு மாற்றினால் 7.44 கிலோ. அதை 337ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு ஏறத்தாழ 25 குவிண்டால். வியாபாரி வைத்திருக்கும் ஈரமானியிலேயே ஈரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். விற்கப் போகும் மூட்டையைக் காட்டும்போது இந்தச் சின்னப் பைகளையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.

ஒரு பட்டத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் எல்லாக் கீற்றும் ஒன்றாகவே விளையும். விட்டு விட்டுப் பெய்த ஆண்டில்தான் வேறுபாடு தெரியும். ஆகவே இரண்டாம் ஆண்டு அதே கீற்றுகளைக் குறுக்கே பாதியாக வகுத்து, ஒரு பாதியில் துவரையோ கடலையோ போட்டு, மூன்றாம் ஆண்டு முழுவதற்கும் மக்காச்சோளம் போட்டால், உழவின் பங்கும் முன்பயிரின் பங்கும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். இதில் எடை போடுவதோ கணக்கு எழுதுவதோ சிரமமில்லை. கீற்றின் எல்லைக்கு நட்ட கல்லை, அடுத்த உழவில் டிராக்டர்க்காரர் ஓரமாகப் பிடுங்கிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் சிரமம். எங்கள் கொல்லையில் இரண்டு முறை அது நடந்துவிட்டது, இப்போது வேலியோரம் ஆமணக்கு நட்டு அதையே அடையாளமாக வைத்திருக்கிறோம்.